செக்கோவ் கடந்த தூரம்



ருஷ்யப் பெருநாட்டின் பரப்பளவு சுமார் 1 கோடி 71 இலட்சம் சதுர கிலோ மீற்றர். நமது இலங்கையைப் போல் 260 நாடுகளை அதனுள் அடக்கிவிடலாம். மேற்குக் கோடியில் ஒருவர் உறங்கப் போகும் வேளையில் கிழக்குக் கோடியில் பொழுது புலர்ந்திருக்கும். அந்நாட்டினுள் 11 நேர வலயங்கள் உண்டு. இவ்வாறு எண்களை அடுக்கினால் வியப்புத்தான் மிஞ்சும். அந்தத் தூரம் அங்கு வாழ்ந்த மனிதனை என்ன செய்தது என்பதை அறிய, 1890இல் அதனைக் குறுக்காகக் கடந்த ஓர் எழுத்தாளரைப் பின்தொடர்ந்து செல்வதே மேல். அவர்தான் அன்ரன் செக்கோவ்.

அப்போது அவருக்கு வயது 30. தொழிலால் வைத்தியர், காசநோயின் அறிகுறிகளோ முன்னரே தோன்றியிருந்தன. இருந்தும் ஏப்ரல் மாதம் மொஸ்கோவிலிருந்து புறப்பட்டு, நாட்டின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள சகலின் என்னும் கைதிகள் தீவைப் பார்க்கப் போனார். சைபீரியப் புகையிரதப் பாதையின் வேலை தொடங்கியது அதற்கடுத்த ஆண்டில்தான். எனவே ஆற்றுக் கப்பலிலும், ஆயிரக்கணக்கான கிலோ மீற்றர் தூரம் குதிரை வண்டியிலுமாக, ஏறத்தாழ 80 நாட்கள் பயணம் செய்தார்.

வழியில் அவரை மறித்தது வசந்தகால வெள்ளம். ஓப், யெனிசேய், லேனா ஆகிய பேராறுகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடி ஆர்க்டிக் சமுத்திரத்திற் சேர்பவை. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகிவிடும். வடக்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். வந்த நீருக்குப் போக வழியில்லை. கரை கடந்து பரவும்.

பின்னர் பைகால் ஏரி. ஆழம் 1,642 மீற்றர். உலகில் தரைமேல் உறையாது கிடக்கும் நன்னீரில் ஐந்திலொரு பங்கு இந்த ஒரே ஏரியில் இருக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்ட ஆறுகள் வந்து விழ, வெளியேறுவது அங்காரா ஒன்றே. கடல்நாய் இனமொன்று, கடலையே காணாமல், இந்த நன்னீரில் வாழ்ந்து வருகிறது!

சகலினில் செக்கோவ் மூன்று மாதங்கள் தங்கினார். கைதிகளையும் குடியேறியவர்களையும் குடிசை குடிசையாகச் சென்று கண்டு, சுமார் 10,000 பேரின் விபரங்களை அட்டைகளிற் பதிந்தார். அங்கு தண்டனைக் காலம் முடிந்தவனும் ஊர் திரும்ப முடியாது. தீவிலேயே குடியேறியாக வேண்டும். தூரமே அங்கு மதிலாயிற்று. அம்மண்ணின் பூர்வ குடிகளுள் ஒருவரான நிவ்க் மக்களின் மொழியில் மனிதரை எண்ண ஓர் எண்ணுப்பெயர், படகை எண்ண இன்னொன்று, வலையை எண்ண வேறொன்று. 'இருவர்', 'இரண்டு' என்று பிரித்துச் சொல்லும் நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று. தமிழ் ஆசிரியன் என்பதால் இதைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

திரும்பும்போது அவர் கடல் வழியாக வந்தார். கப்பல் கொழும்பில் தரித்தது. கண்டிக்கும் போய் வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்று அவர் கடிதத்தில் எழுதியதையே நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். உல்லாசப் பயணத் துறையினருக்கு அது உதவக்கூடும். எனக்குப் பெரிதாகப் படுவது 'குசேவ்' என்னும் சிறுகதை.

குசேவ் ஓர் எளிய போர்வீரன். தூர கிழக்கில் ஐந்தாண்டு சேவை செய்து, காசநோயுடன் வீடு திரும்புகிறான். எந்த வழியால்? கப்பலேறி, ஆசியாவையே சுற்றிக்கொண்டு! தன் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக, அந்த ஏழைக் குடியானவன் வெப்ப மண்டலக் கடல்களையெல்லாம் தாண்ட வேண்டியிருக்கிறது. அவ்வெக்கையிற் கிடந்தபடி அவன் காண்பது பனி மூடிய குளத்தை. தமையன் ஓட்டிவரும் சறுக்கு வண்டியை. அதில் இருக்கும் பிள்ளைகளை. கப்பல் துறைமுகம் சேருமுன் அவன் இறந்துபோகிறான். உடலைப் பாய்த்துணியில் தைத்துக் கடலில் விடுகிறார்கள்.

இது வெறுங் கற்பனையன்று. சிங்கப்பூருக்கு வரும் வழியில், தமது கப்பலிலிருந்து இருவரின் உடல்கள் கடலில் விடப்பட்டதைச் செக்கோவ் கண்ணாற் கண்டிருந்தார். கதை இலங்கையிற் கருக்கொண்டது என்றும் அவரே எழுதியிருக்கிறார். 1890 டிசெம்பரில் அது ருஷ்யப் பத்திரிகையில் வெளிவந்தபோது, கதையின் அடியில் அக்கால ருஷ்ய நாட்காட்டிப்படி ஒரு குறிப்பும் அச்சாகியிருந்தது: 'கொழும்பு, நவம்பர் 12.'