பூமியின் வயதும் நம் ஈமானும்
(மதரஸா பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் மதரஸா மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு வினா எழுப்பினாள். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று பள்ளியில் கற்கிறாள். ஆறாயிரம் ஆண்டுகள்தாம் என்கிறது அவள் கைக்கு வந்த ஒரு துண்டுப் பிரசுரம். தேர்வில் பள்ளி விடையை எழுதினால் ஈமானுக்குக் குறை வருமா என்று கேட்டாள். அதட்டி உட்கார வைப்பது எளிது. விடை சொல்வது நம் கடமை.

ஆறாயிரம் என்னும் கணக்கு நம் மார்க்கத்துக்கு உரியதன்று. பைபிளின் வமிச வரலாறுகளைக் கொண்டு கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என 1650-இல் எழுதியவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். அமெரிக்காவில் இன்றும் அதனையொட்டி வாதிடுவோர் உளர். அருள்மறையோ ஆறு நாட்களில் படைத்ததைக் கூறுகிறது (7:54). பூமியின் வயதை எங்கும் கூறவில்லை. இறைவனிடத்து ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒப்பென ஓரிடத்திலும் (22:47), ஐம்பதாயிரம் ஆண்டு அளவுள்ள நாளென வேறோரிடத்திலும் (70:4) வருவதை ஆலிம்கள் அறிவர். இரவல் வாங்கிய எண்ணுக்காக நம் பிள்ளைகள் ஏன் கலங்க வேண்டும்?

சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை அறிவித்தார். புதையுண்ட மரத்தினுள் நீரில் கரைந்த சிலிக்கா ஊறி இறுகியதால் அது கல்லாயிற்று. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். பூமியின் வயதோ யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தைக் கொண்டு அறியப்படுவது. விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956-இல் வெளியிட்ட கணக்கு இன்றளவும் பெரிதும் மாறவில்லை.

நம் முன்னோர் இத்தகைய ஆய்வுக்கு அஞ்சியவர் அல்லர். அல்பிரூனி சுமார் 1030-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், மலையருகே பெருங்கற்கள், தொலைவில் சிறுகற்கள், ஆற்றுமுகத்தில் மணல் என்று கண்டு, இச்சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என முடிவு கண்டார். அதனால் அவரது ஈமான் குறைந்ததாக நாம் கேட்டதில்லை.

ஆதம் (அலை) அவர்களின் படைப்பும் பரிணாமக் கொள்கையும் பற்றிய வினா இதனினும் கடினமானது. முஸ்லிம் அறிஞர்களிடையே இன்றும் அதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனையும் பூமியின் வயதையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். புதிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றையும் வசனங்களுக்குள் தேடி மேடையில் முழங்கும் வழக்கமும் நமக்கு உவப்பன்று. ஆய்வாளர் நாளை தம் எண்ணைத் திருத்தினால் நாம் எதைத் திருத்துவோம்?

அம்மாணவியிடம் 454 கோடி என்றே எழுதச் சொல்லியிருக்கிறோம். கோடை விடுமுறையில் மதரஸாப் பிள்ளைகளைச் சாத்தனூருக்கு அழைத்துச் செல்ல எண்ணம், இன்ஷா அல்லாஹ். வாகனச் செலவில் பங்கேற்க விரும்புவோர் செயலாளரிடம் தெரிவிக்கலாம். வஸ்ஸலாம்.