வகுத்தலும் காத்தலும்



ஒரு நகரத்தின் தெருக்களைக் கண்டால் அதன் ஆட்சியைக் கண்டவாறாகும். மாளிகைகளைச் செல்வர் கட்டுவர். தெருவை வகுப்பதும் காப்பதும் ஆட்சியின் கடன். இதற்குச் சான்றாக நியூயோர்க் மாநகரின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றோம்.

1811ஆம் ஆண்டில் அந்நகரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரே. மன்ஹற்றன் தீவின் தென் முனையில் அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். வடக்கே வயல்களும் மேடுகளும் சதுப்பு நிலங்களும் கிடந்தன. அந்நிலத்தின் மீது மூவர் கொண்ட ஆணைக்குழு, வடக்குத் தெற்காக 12 பெருந்தெருக்களையும் குறுக்கே 155 தெருக்களையும் வரைந்தது. பெருந்தெருவின் அகலம் 100 அடி; குறுக்குத் தெருக்களுட் பெரும்பாலானவை 60 அடி. மோட்டார் வண்டியைக் கனவிலும் எவரும் காணாத காலம் அது!

காணி உடையோர் கொதித்தெழுந்தனர். அளவையாளர் ஜோன் றண்டெல், அத்துமீறிப் புகுந்தாரென்று கைது செய்யப்பட்டார். எனினும் வரைந்த கோடு அழியவில்லை. நிலம் இழந்தோருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. தெருவினாற் பயன் பெற்ற காணிக்காரரிடம் அதற்குரிய பங்கு அறவிடப்பட்டது.

வகுத்த கதை இது. காத்த கதையோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தெருக்கள் குதிரைச் சாணத்திலும் குப்பையிலும் புதைந்து கிடந்தன. துப்புரவு வேலைகள் கட்சிக்கு உழைத்தோருக்குக் கைம்மாறாக வழங்கப்பட்டமை அதற்கு முதன்மையான காரணம்.

1895இல் ஜோர்ஜ் வேறிங் என்பார் பொறுப்பேற்றார். அவர் கமத்தொழில் பயின்றவர், நிலவடிகாலில் வல்லவர். கட்சியைப் பாராது உழைப்பைப் பார்த்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெருவில் ஒரு பகுதியை ஒப்படைத்தார். வெண்ணிற உடை அணிவித்தார். 1896இல் அத்தொழிலாளர் அணிவகுத்துச் சென்றபோது, முன்பு இகழ்ந்த மக்களே ஆரவாரித்தனர். துடைப்பம் ஏந்துவோரை இழிவாக எண்ணும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அது ஒழியாதவரை எந்த ஊரும் தூய்மை அடையாது.

கமக்காரருக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை. குளங் கட்டியவன் பெயர் கல்வெட்டில் நிற்கும். பயிர் விளைவதோ, ஆண்டுதோறும் வாய்க்காலைத் துப்புரவாக்குவோனால். தெருவும் அவ்வாறே. நடு உயர்ந்து இருமருங்கும் சரிந்திருந்தால் மழைநீர் வழிந்து கானைச் சேரும். கான் அடைபட்டால் நீர் அடித்தளத்துள் இறங்கும். இன்றைய வெடிப்பு நாளைய குழியாகும்.

ஆதலின், உள்ளூராட்சி மன்றங்களுக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம், எத்தனை தெரு போடுவீர் என்று மட்டும் கேளாதீர்கள். போட்ட தெருவைக் காக்க ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவீர், கான் துப்புரவாக்கும் வேலையை யாருக்குக் கொடுப்பீர், அவர்க்கு என்ன மதிப்பளிப்பீர் என்று கேளுங்கள். திறப்பு விழா ஒரு நாளோடு முடியும்; மாரியோ ஆண்டுதோறும் வரும்!