வழியைக் காத்த பயணங்கள்: இங்கிலாந்தின் கால்வாய்ச் சுற்றுவழிகள்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இங்கிலாந்தின் கால்வாய்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயற்கையே. விடை எளிது. அங்கே ஒரு நூல் வெளிவந்தது. அந்நூலைப் படித்தவர் ஒருவர் நூலாசிரியருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்திலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. அச்சங்கம் தொடங்கிய இயக்கத்தால் தூர்ந்துபோன நீர்வழிகள் மீண்டும் திறந்தன. இன்று அங்கே விடுமுறைக்குப் படகேறும் குடும்பம் நான்கு நாளா, ஒரு வாரமா, இரண்டு வாரமா என்று கணக்கிட்டு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வுக்கு இடம் இருப்பதே அந்நூலின் பயன் எனலாம். ஆகவே முதலில் பயணக் கணக்கையும், பின்னர் அக்கணக்குக்குப் பின்னுள்ள வரலாற்றையும் காண்பது பொருந்தும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலக்கரி, உப்பு, மட்பாண்டம் முதலியவற்றை ஏற்றிச் செல்ல வெட்டப்பட்டவை இக்கால்வாய்கள். நடு இங்கிலாந்தின் கால்வாய்கள் பல ஒடுக்கமானவை. அவற்றில் ஓடும் படகின் அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நீளமோ எழுபது அடிவரை இருக்கும். நிலம் ஏறி இறங்கும் இடங்களில் படகை ஏற்றி இறக்குவன நீர்ப்பூட்டுகள். படகு ஒரு தொட்டிக்குள் நுழைந்ததும் கதவுகள் மூடப்படும்; இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி மதகைத் திறந்தால் நீர் நிறைந்து படகு மேலெழும்; வடிந்தால் கீழிறங்கும். இவ்வேலை முழுவதையும் பயணிகளே செய்ய வேண்டும்.

கால்வாயில் வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகச் செல்ல வேண்டியிருப்பதால் மணிக்கு மூன்று மைல் என்று கொள்வதே நடைமுறை. ஒரு நீர்ப்பூட்டைக் கடக்க ஏறத்தாழ இருபது நிமிடம். அதாவது ஒரு மைல் செல்லும் நேரம். எனவே மைல்களையும் பூட்டுகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பயண மணிகள் கிடைக்கும். சீரை எண்ணாமல் வரியின் நீளத்தை மட்டும் பார்த்து வெண்பாவை அளக்க முடியாதது போலவே, பூட்டை எண்ணாமல் தூரத்தை மட்டும் பார்த்து இங்கே நாளை அளக்க முடியாது.

இக்கணக்கை விளக்க வூஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள டார்டபிக் என்னும் சிற்றூரைவிடத் தக்க இடம் இல்லை. 1815இல் முழுமை பெற்ற வூஸ்டர் - பர்மிங்காம் கால்வாய் இவ்வூர் வழியே செல்கிறது. இங்கே முப்பது நீர்ப்பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றேறுகின்றன. பிரித்தானியாவின் மிக நீண்ட பூட்டுவரிசை இதுவே. இரண்டேகால் மைல் தூரத்தைக் கடக்க அரைநாளுக்கு மேலாகும். குன்றின் உச்சியை மையமாகக் கொண்டால் குறுகியதும் நெடியதுமான வழிகள் பல புலப்படும்.

முதலாவது, மூன்று நான்கு நாள் பயணம். உச்சிப் பூட்டிலிருந்து பர்மிங்காம் நகரம் வரை ஏறத்தாழ 14 மைல். இடையில் சுரங்கங்கள் உண்டு, பூட்டு ஒன்றுகூட இல்லை. போய்வர 28 மைல். பத்து மணி நேரம் போதும். முதியோரும் குழந்தைகளும் உள்ள குழுவுக்கு ஏற்ற வழி இது. இதனோடு ஒப்பிட வேண்டியது குன்றின் அடிவாரத்துக்கும் தெற்கே, ஹான்பரியில் தொடங்கும் சுற்றுவழி. அது டிராய்ட்விச் என்னும் பழைய உப்பு நகரின் வழியே சென்று, செவர்ன் ஆற்றில் இறங்கி, வூஸ்டர் நகரைத் தொட்டு, கால்வாய் வழியாகவே ஹான்பரிக்குத் திரும்புகிறது. தூரம் 21 மைல்தான். ஆனால் பூட்டுகள் 33. ஆகவே 18 மணி நேரம் வேண்டும். தூரம் குறைந்த வழியே காலம் மிகுந்த வழியாக இருப்பதைக் காணலாம்.

இரண்டாவது, ஒரு வாரப் பயணம். வாடகைப் படகு பெரும்பாலும் முதல்நாள் பிற்பகலில் கைக்கு வரும். கடைசி நாள் காலையிலேயே ஒப்படைக்க வேண்டும். எனவே ஒரு வாரம் என்பது உண்மையில் ஆறு முழு நாள். நாளுக்கு ஆறேழு மணி என்றால் நாற்பது மணியளவே கிட்டும். வரைபடத்தில் கண்ணைக் கவர்வது ஸ்டவர்போர்ட் சுற்றுவழி. கின்வர் என்னும் ஊரருகே, பாறையைக் குடைந்து மக்கள் இருபதாம் நூற்றாண்டு வரை வாழ்ந்த வீடுகளுக்கு அண்மையில் அது செல்கிறது. தூரம் ஏறத்தாழ 75 மைல். பூட்டுகளோ நூற்றுக்கு மேல். பர்மிங்காமை அடையும் கிளைவழிக்கேற்ப அந்த எண் மாறும். கணக்கிட்டால் அறுபது மணியளவு ஆகிறது. தேர்ந்த குழு ஒரு வாரத்தில் முடிப்பதுண்டு. புதியவர் பத்து நாள் வைத்துக்கொள்வதே நலம். வாரம் மட்டுமே உள்ளவர் சுற்றுவழியை விட்டுச் சென்ற வழியே திரும்பலாம். அவர் மறவாது கொள்ள வேண்டியது ஒன்று: முப்பது நாற்பது அடி அகலக் கால்வாயில் நீண்ட படகைத் திருப்ப இயலாது. கரையை அகழ்ந்து அகலமாக்கிய திருப்புமிடங்கள் ஆங்காங்கே உள்ளன. காலத்தில் பாதி கழியுமுன் திருப்புமிடம் ஒன்றை முடிவுசெய்யாத பயணம் கடைசி நாளில் ஓட்டமும் பதற்றமுமாகவே முடியும். அவசரத்தில் பூட்டைக் கையாள்வது உயிருக்கே தீங்காகலாம்.

மூன்றாவது, இரண்டு வாரப் பயணம். ஏவன் சுற்றுவழி 109 மைல்; பூட்டுகள் ஏறத்தாழ 130. எண்பது மணி, நாளுக்கு ஆறு மணி வீதம் பதின்மூன்று நாள். டார்டபிக்கிலிருந்து எந்தத் திசையில் புறப்படுவது என்பதும் சிந்திக்கத்தக்கது. முப்பது பூட்டுகளையும் முதலிலேயே இறங்கி வூஸ்டர் சென்று, செவர்ன் ஆற்றில் டியூக்ஸ்பரி வரை இறங்கி, அங்கிருந்து ஏவன் ஆற்றில் ஈவ்ஷம் வழியாக ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஏறிவருவது ஒரு திசை. இதில் ஆறுகள் முதற்பாதியில் வருகின்றன. மழையில் ஆறு பெருகிப் படகு ஓட்டத் தடை வந்தாலும் காத்திருக்கவோ திரும்பவோ நாள் மீதம் இருக்கும். ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் பூட்டுகளை ஏறி லாப்வொர்த் என்னும் ஊரைக் கடந்துவிட்டால் கடைசி நாள் சமநீரில் கழியும். கடினமானதை முன்னும் எளியதைப் பின்னும் வைப்பதே இத்திட்டத்தின் நெறி.

இவ்வளவும் கணக்கு. இனி வரலாறு. 1945இல் இதே டார்டபிக்கில் நின்று யாரேனும் இவ்வழிகளைத் திட்டமிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? டிராய்ட்விச் சுற்றுவழி இல்லை. அக்கால்வாய்கள் 1939இலேயே சட்டப்படி கைவிடப்பட்டிருந்தன. ஏவன் சுற்றுவழியும் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கீழே ஆற்றின் பூட்டுகள் சிதைந்து கிடந்தன. ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் தென்பகுதி சேறும் நாணலுமாக இருந்தது.

அவ்வாண்டில் டார்டபிக்கின் உச்சிப் பூட்டருகே ‘கிரெஸ்ஸி’ என்னும் படகில் எல்.டி.சி. ரோல்ட் என்னும் பொறியாளர் தம் மனைவியுடன் வாழ்ந்துவந்தார். 1939இல் பான்பரியிலிருந்து அதே படகில் புறப்பட்டு, அழிந்துகொண்டிருந்த படகோட்டிகளின் வாழ்வை நேரில் கண்டு, ‘நேரோ போட்’ என்னும் நூலை எழுதியவர் அவர். 1944இல் வெளிவந்த அந்நூலைப் படித்த ராபர்ட் ஏக்மன் என்னும் எழுத்தாளர் கடிதம் எழுதி, படகுக்கே வந்து சந்தித்தார். அச்சந்திப்பின் விளைவாக 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. அதன் தொடக்க காலத்தில் செயலர் பணி பார்த்தவர், பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியை எலிசபெத் ஜேன் ஹோவர்ட் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சங்கத்தின் முதற்போர் ஒரு பயணத் திட்டத்தால் நிகழ்ந்தது. பர்மிங்காமின் கிங்ஸ் நார்ட்டன் அருகே, ஸ்ட்ராட்ஃபோர்ட் கால்வாயின் குறுக்கே இருந்த தூக்குபாலம் பழுதுபட்டு, அதனிடத்தில் படகு நுழைய முடியாத தாழ்ந்த பாலம் நிலையாக அமைந்துவிட்டது. கால்வாய்க்கு உரிமை பூண்டிருந்ததோ ஒரு ரயில்வே கம்பெனி. பிரபுக்கள் அவையில் கேள்வி எழுந்தபோது, முன்னறிவிப்புத் தந்தால் பாலம் உயர்த்தப்படும் என்று விடை வந்தது. யார் வரப்போகிறார்கள் என்ற எண்ணத்தில் சொல்லப்பட்ட விடை போலும். 1947 மே மாதத்தில் ரோல்ட் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துப் புறப்பட்டார். ஆட்கள் வந்து பாலத்தை உயர்த்த, கிரெஸ்ஸி அதன்கீழ் உரசாத குறையாகக் கடந்து சென்றது. சரக்கும் இல்லை, வணிகமும் இல்லை. ஒரு மனிதன் தன் வழியைத் திட்டமிட்டு அறிவித்தான் என்பதே அங்கு நிகழ்ந்தது. வழியின் உரிமை அதனால் நிலைத்தது.

இதன் தொடர்ச்சியாக மற்றொன்று. 1958இல் அதே கால்வாயின் தென்பகுதி பயன்பாட்டில் இல்லை என்று கூறி, அதைக் கைவிட வார்விக்ஷயர் மாவட்ட மன்றம் அனுமதி கோரியது. சிறு தோணியில் அவ்வழியே சென்ற இருவர் வாங்கிய கட்டணச் சீட்டு, வழி பயன்பாட்டில் இருந்ததற்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது. கோரிக்கை மறுக்கப்பட்டது. தொண்டர்களும் படைவீரர்களும் சிறைவாசிகளும் சேர்ந்து தூர்வாரிச் செப்பனிட, 1964இல் அந்த 13 மைல் திறக்கப்பட்டது. ஏவன் ஆற்றின் கீழ்ப்பகுதி 1962இலும் மேற்பகுதி 1974இலும் பணி நிறைவெய்தின. அப்போதுதான் ஏவன் சுற்றுவழி மீண்டும் முழுமை பெற்றது. டிராய்ட்விச்சோ இன்னும் பொறுத்தது. 1973இல் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. வளையம் கூடியது 2011இல். நான்கு நாளில் சுற்றிவரும் வழிக்கு முப்பத்தெட்டு ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

நூலாசிரியரும் அவரைத் தேடிவந்தவரும் இறுதிவரை ஒன்றாக இருக்கவில்லை. எல்லாக் கால்வாய்களையும் காக்க வேண்டும் என்றார் ஏக்மன். காக்க இயல்வதை முதலில் காத்து, படகோட்டிகளின் வாழ்வைப் பேண வேண்டும் என்றார் ரோல்ட். 1951இல் ரோல்டுக்கும் சங்கத்துக்கும் இருந்த உறவு அறுந்தது. இருவர் கருத்திலும் நியாயம் இருந்தது. நட்பு முறிந்தது, பணி முறியவில்லை. அமைப்புகளை நடத்துவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

காக்கப்பட்டவை இனி என்றும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைலளவு நீர்வழிகளை 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதற்குத் தரும் மானியம் 2027 முதல் படிப்படியாகக் குறையும் என்று அரசு 2023இல் அறிவித்தது. 2025 கோடை வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியதால் பல கால்வாய்களில் பூட்டுகள் மூடப்பட்டன; எத்தனையோ பயணத் திட்டங்கள் பாதியில் மாறின. ஒடுங்கிய நீர்ப்பூட்டு ஒவ்வொரு முறை வடியும்போதும் ஒரு இலட்சம் லிட்டருக்கு மேல் நீர் இறங்குகிறது. எனவே எதிரே படகு வருகிறதா என்று பார்த்து, அது வரும்வரை காத்திருந்து, ஒரே நீரில் இரு படகுகளும் கடக்கச் செய்வது பயணிகளின் கடமை. அக்காத்திருப்புக்கு நேரம் ஒதுக்காத திட்டம், மணிக்கணக்கு சரியாக இருந்தாலும், நல்ல திட்டம் ஆகாது.

ஆகவே வழியைத் தேர்வதில் காலம், பூட்டு, திருப்புமிடம், நீர் என நான்கையும் பார்க்க வேண்டும். இவற்றுக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று உண்டு. எவரும் செல்லத் திட்டமிடாத வழி விரைவில் தூர்ந்துவிடும்; ஒருவரேனும் செல்வேன் என்று அறிவித்த வழி பிழைத்துக்கொள்ளும். ஏவன் சுற்றுவழியின் கடைசி நாளில் படகு கிங்ஸ் நார்ட்டனை நெருங்கும்போது, அன்று தாழ்ந்த பாலம் மறித்த இடத்தைத் தடையின்றிக் கடக்கிறது. சுக்கானைப் பிடித்திருப்பவர் அந்நூலைப் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் அவ்விடத்தைக் கடந்து செல்வதே அந்நூலுக்குக் கிடைத்த மறுபதிப்பு.