திறப்பு யாரிடம்?

யாழ்ப்பாணத்து ஊர் வாசிகசாலை ஒன்றின் காரியதரிசி ஒருநாள் அவசரமாகக் கொழும்புக்குப் புறப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். திறப்பைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போக மறந்துவிடுகின்றார். மறுநாட் காலை பத்திரிகை கொண்டுவருபவர் இதழ்களைக் கதவின் கீழாற் செருகிவிட்டுப் போகின்றார். வழக்கமாக வரும் முதியோர் விறாந்தையிற் குந்தியிருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். பூட்டு உடைபடவில்லை, களவு எதுவும் நிகழவில்லை, நூல்கள் யாவும் உள்ளே பத்திரமாகவே உள்ளன. ஆயினும் அன்றைக்கு அவ்வூரில் வாசிகசாலை இல்லை.

வேறோர் ஊரில் இதற்கு நேர்மாறான வழக்கம். அங்கே திறப்பு கதவு நிலையின் மேலே இருக்கும். அஃது அங்கே இருப்பது சிறு பிள்ளைக்குந் தெரியும். எவரும் எந்நேரமும் திறக்கலாம். ஆண்டு முடிவிற் கணக்கெடுக்கும்பொழுதுதான் அலுமாரிகளில் இடைவெளி தென்படும். எடுத்தவர் யாரென்று கேட்டால், எல்லோருக்குந் திறப்புத் தெரியும் என்பதே விடையாகும்.

இவ்விரண்டு தொல்லைகளும் இப்பொழுது கணினிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டன. அங்கே திறப்பின் பெயர் கடவுச்சொல்.

நூலும் நூலகமும் யாழ்ப்பாணத்தவருக்கு எத்தகையன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தின் முதல் நாளையொட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. மறு பிரதி இல்லாதிருந்தவை அன்றோடு இல்லாதொழிந்தன. அந்த நினைவு ஆறாதவர்களிடையே, 2005ஆம் ஆண்டில், மு. மயூரன், தி. கோபிநாத் முதலிய இளைஞர்களின் முயற்சியால் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, உலகின் எம்மூலையில் இருப்பவரும் படிக்குமாறு வைக்கும் பணி அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2003இல், யாழ்ப்பாணத்தவரான கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கிவைத்திருந்தார். இவ்விரண்டும் மீடியாவிக்கி என்னும் ஒரே மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டவை. இலவசமாகக் கிடைக்கும் அம்மென்பொருளை வைத்துத்தான் உலகெங்கும் எத்தனையோ சிறு நூலகங்களும் சங்கங்களும் தங்கள் சேகரங்களைக் காத்துவருகின்றன.

இத்தகைய சேகரங்களின் அடித்தளத்தில் இருப்பது தரவுத்தளம். எந்த நூல், எவர் எழுதியது, எந்த ஆண்டில் வெளிவந்தது, அதைப் பதிந்தவர் யார், திருத்தியவர் யார் என்னும் செய்திகள் யாவும் அதனுள் அட்டவணை அட்டவணையாக அடங்கியிருக்கும். மீடியாவிக்கி பெரும்பாலும் மைசீக்குவல் அல்லது மரியாடிபி என்னும் தரவுத்தளத்தோடு சேர்ந்து இயங்கும். இவ்விரண்டையும் உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான பின்லாந்து நாட்டு விடேனியஸ், 1995இல் வெளிவந்த முதலாவதற்கு மூத்த மகள் மையின் பெயரையும், 2009இல் தோன்றிய இரண்டாவதற்கு இளைய மகள் மரியாவின் பெயரையும் சூட்டினார். பிள்ளையின் பெயரைக் கடைப்பலகையில் எழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று போலும்.

கணினியிற் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், 1960களின் தொடக்கத்தில், பேராசிரியர் கோர்பாட்டோ என்பார் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணினியமைப்பை உருவாக்கியபொழுது வேரூன்றியது. ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரமென்று கணினி அளந்து கொடுக்கப்பட்டது. அங்கு ஆராய்ச்சி செய்த அலன் ஷெர் என்னும் மாணவருக்குத் தமக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி விண்ணப்பிக்கும் வசதி அங்கே இருந்தது. 1962இல் ஒருநாள் அவர் கடவுச்சொற் கோப்பையே அச்சிடுமாறு விண்ணப்பித்தார். காலையில் எல்லாருடைய திறப்பும் அச்சுத்தாளில் அவர் கைக்கு வந்துவிட்டது! அதே கணினியில் பின்னொருமுறை இரண்டு கோப்புகள் இடம்மாறிப்போயின. உள்ளே நுழைவோரை வரவேற்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியல் முழுவதும் ஒவ்வொருவர் முன்னும் தோன்றியது.

சொற்களைச் சொற்களாகவே எழுதிவைத்ததுதான் அங்கே நேர்ந்த பிழை. அதற்குக் காணப்பட்ட பரிகாரத்தை யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தைக் கொண்டே விளக்கலாம். பனம்பழத்தைப் பிசைந்து, களியைப் பாயில் ஊற்றி, வெயிலிற் காயவிட்டாற் பனாட்டு கிடைக்கும். பனாட்டைக் கொண்டு மீண்டும் பனம்பழத்தை ஆக்க எவராலும் முடியாது. அதுபோலவே, பயனர் தரும் சொல்லை ஒரு கணித முறையாற் பிசைந்து, திரும்ப மீட்க இயலாத ஓர் எழுத்துக் கோவையாக்கித் தரவுத்தளம் அதனை மட்டுமே வைத்துக்கொள்ளும். மறுமுறை அவர் வரும்பொழுது அவர் தரும் சொல்லையும் அவ்வாறே பிசைந்து பார்க்கும். இரண்டு பனாட்டும் ஒத்திருந்தாற் கதவு திறக்கும். கள்வன் உள்ளே புகுந்தாலும் அவன் கையில் அகப்படுவது பனாட்டே.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரே சொல்லைப் பிசைந்தால் எவ்விடத்தும் ஒரே விளைவுதான் வரும். ஆதலின் மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களையெல்லாம் முன்கூட்டியே பிசைந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இதைத் தடுப்பதற்கு ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறான சில எழுத்துகளைக் கலந்து பிசைவர். அக்கலவையைக் கணினி வல்லார் உப்பு என்றே அழைக்கின்றனர். ஆனையிறவு உப்பளத்துக்கும் இதற்கும் உறவில்லை. எனினும் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது இங்கும் பொருந்தும். 2012இல் லிங்க்டின் என்னும் நிறுவனத்திலிருந்து களவுபோய் வெளியே வந்த 65 இலட்சம் கடவுச்சொற் கோவைகளில் உப்பு இடப்பட்டிருக்கவில்லை. அவற்றுட் பெரும்பகுதி விரைவில் உடைக்கப்பட்டது. மீடியாவிக்கி உப்பையும் இடுகின்றது. ஒருமுறையோடு நில்லாமற் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்பப் பிசையவும் செய்கின்றது. உரியவருக்கு அதனால் நேருந் தாமதம் கண்ணிமைப்பொழுதே. கோடிக் கணக்கிற் சொற்களை இட்டுப் பார்க்கும் கள்வனுக்கோ நாள்களும் ஆண்டுகளும் செலவாகும்.

இத்தனை பாதுகாப்பும் நல்ல சொல் ஒன்றை வைத்தவருக்கே உதவும். 1979இல் ரொபட் மொரிஸ், கென் தொம்சன் என்னும் இருவர் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831 மிகக் குறுகியனவாகவோ அகராதியில் உள்ளனவாகவோ இருந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், ரொக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 இலட்சம் சொற்கள் வெளிப்பட்டபொழுது, அவற்றுள் முதலிடம் பெற்றது ஒன்று முதல் ஆறு வரையான இலக்கங்களின் வரிசையே. அவை பிசையப்படாமலே வைக்கப்பட்டிருந்தன என்பது வேறு கதை. மாதந்தோறும் சொல்லை மாற்றுக என்று அலுவலகங்கள் இடும் கட்டளையும் பெரும் பயன் தருவதில்லை. எழுதுவினைஞர் என்ன செய்வார்? பழைய சொல்லின் ஈற்றில் ஒன்றை இரண்டாக்குவார். அல்லது சிறு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017இல் இக்கட்டாய மாற்றத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. நீளமான சொற்றொடரே வலிது. அது வெளிப்பட்டதென்று ஐயம் எழும்பொழுது மாற்றினாற் போதும்.

வாசகர்களின் சொற்கள் இவ்வாறு காக்கப்படுகையில், பலரும் மறந்துவிடும் வேறொரு திறப்பு உண்டு. மீடியாவிக்கி தானும் தரவுத்தளத்தின் வாயிலுக்குச் சென்று, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கூறியே உள்ளே புகவேண்டும். கூறவேண்டிய சொல்லைப் பனாட்டாக்கி வைக்க முடியாதல்லவா? ஆகவே அஃது ஓர் அமைப்புக் கோப்பில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பே கதவு நிலையின் மேலுள்ள திறப்பு. அதனை வாசிக்கும் உரிமையைக் குறுக்கி வைப்பது முதல் வேலை. அடுத்தது, அங்கே எழுதப்படும் பெயர் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனராக இராமற் பார்த்துக்கொள்வது. தலைமைப் பயனருக்கு எல்லா அறைகளுந் திறக்கும். எதையும் அழிக்கவும் இயலும். நூற்பட்டியலுக்கு உரிய பயனருக்கு அந்த ஓர் அறை போதும். அத்திறப்புக் களவுபோனாலும் பக்கத்து அறையிலுள்ள பாடசாலை வரவுப் பதிவேடு தப்பும்.

மனிதர்களுக்கும் இதுவே முறை. பாடசாலைகளிலும் சங்கங்களிலும் ஐந்து பேர் ஒரே பெயரில் நுழைவதும், பாடசாலையின் பெயரோடு ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைப்பதும் எங்குங் காணக்கூடிய காட்சி. ஆளுக்கொரு பெயரும் அவரவர் வேலைக்குரிய உரிமையும் கொடுத்துவிட்டால், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும் அன்றே அவருடைய பெயரை நீக்கிவிடலாம். ஏனையோருக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. பொதுச் சொல்லாயின் ஒருவர் போக மற்றை நால்வரும் புதிதாகப் படிக்கவேண்டும். அந்தச் சோம்பலினாலேயே சொல் மாறாமற் கிடக்கும். போனவர் கையிலும் திறப்பு இருக்கும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதிலே தனியான ஓர் இடர் இருக்கின்றது. இவர்கள் ஊர்விட்டுப் போகும் மக்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறியபொழுது, பூட்டிய வீடுகளின் திறப்புகளை மடியிற் கட்டிக்கொண்டே சென்றனர். ஊர்ச் சங்கத்தின் தரவுத்தளத்தை இன்று நடத்துபவர் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் இளைஞர். அவர் நாளை தொரன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார். அவரைத் தவிர வேறெவருக்கும் தலைமைச் சொல் தெரியாதாயின், அவர் நோயுற்றாலும் மனக்கசப்புக் கொண்டாலும் ஊரின் பதிவு முழுவதும் பூட்டிய கதவுக்குப் பின்னே நின்றுவிடும். எரிக்காமலே ஒரு நூலகத்தை இழக்கும் வழி இது.

முற்றாக இழந்துவிட்டதாக அஞ்சவும் வேண்டியதில்லை. கணினி கைவசம் இருந்தால், தலைமைச் சொல்லை மீட்க மைசீக்குவலிலேயே வழி வைத்திருக்கின்றனர். தரவுத்தளத்தை நிறுத்தி, வெளித்தொடர்பை அடைத்து, உரிமை பார்க்காத நிலையில் மீண்டும் இயக்கி, புதிய சொல்லை இட்டு, பின்னர் வழக்கமான நிலைக்குக் கொண்டுவரல் வேண்டும். சில நிமிட வேலை. ஆனால் கதவைத் திறந்துவைத்த அந்தச் சில நிமிடங்களை மறந்து, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. இதிலிருந்து வேறொன்றும் விளங்கும். கணினிப்பெட்டியைத் தொடக்கூடியவர் எவரோ அவரே ஈற்றில் அதற்கு உடையவர். ஆகவே அப்பெட்டி இருக்கும் அறைக்கும் ஒரு பூட்டு வேண்டும்.

இவற்றை யாரிடங் கேட்டுப் படிப்பது? சிற்றூரில் தரவுத்தள வல்லுநர் இரார். ஆனால் இலவச மென்பொருளைச் சுற்றி, முகமறியாதவருக்கும் கூலியின்றி உதவுகின்ற சமூகங்கள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வாறு கேட்டறியும் இடத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயர். தமிழ்நாட்டில் 2012இல் தோன்றிய ‘கணியம்’ என்னும் மின்னிதழின் வழி, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைசீக்குவல்’ இலவச நூலாக வெளிவந்தது. ஆங்கிலத்துக்கு அஞ்சிய மாணவருக்கு அது பெருந்துணை.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. “உள்ளே போக முடியவில்லை, உதவுங்கள்” என்று மட்டும் எழுதினால் எவரும் விடை சொல்ல இயலாது. பரியாரியாரிடம் போய் “சுகமில்லை” என்று கூறி வாய்மூடி இருப்பதற்கு ஒப்பானது அது. மென்பொருளின் பெயர், பதிப்பு இலக்கம், தரவுத்தளம் தந்த பிழைச்செய்தி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து எடுத்துக் கொடுத்தல் வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டது என்னும் மைசீக்குவலின் செய்தியிலே பயனர் பெயரும், அவர் எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்பதும், கடவுச்சொல் தரப்பட்டதா இல்லையா என்பதும் இருக்கும். சொல் மட்டும் இராது. அனுபவமுள்ளவர் அந்த ஒரு வரியைக் கொண்டே நோயை அறிவார். மைசீக்குவலின் கணக்கில் ஒரே பெயருடையவர் அதே கணினியிலிருந்து வந்தால் ஒருவர். வேறு கணினியிலிருந்து வந்தால் வேறொருவர். கொழும்பிலிருந்து நுழைய முயல்பவருக்குக் கதவு திறவாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அவரோ கடவுச்சொல்லைப் பத்து முறை மாற்றி மாற்றி அலுத்துப்போயிருப்பார்.

ஆயின் உதவி கேட்கும் பதற்றத்திலே, அமைப்புக் கோப்பை முழுவதுமாக எல்லோர் முன்னும் விரித்துவைப்போர் இருக்கின்றனர். அதற்குள் தலைமைத் திறப்பு எழுதியிருப்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. பிறகு அதை அழித்தாலும் பயனில்லை, பார்த்தவர் பார்த்துவிட்டார். அவ்வேளையில் செய்யக்கூடியது ஒன்றே: அந்த நிமிடமே சொல்லை மாற்றுதல். உண்மையில் உதவ வருபவர் எவரும் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. கேட்பவர் எத்துணை இனிமையாகப் பேசினாலும் அவரோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மாற்றும்பொழுது நூலகம் நின்றுவிடுமோ என்னும் அச்சத்தால் தயங்குவோருக்காக, 2019இல் வந்த மைசீக்குவல் பதிப்பொன்றில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. பழைய சொல்லும் புதிய சொல்லும் சிறிது காலம் ஒருங்கே செல்லும். எல்லா இடத்திலும் புதியதை எழுதி முடித்த பின்னர்ப் பழையதைத் தள்ளிவிடலாம்.

தலைமைச் சொல்லை ஒருவர் நினைவில் மாத்திரம் விடாது, தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, தலைவரும் பொருளாளரும் அறிய இரும்புப் பெட்டியில் வைக்கும் சங்கங்கள் நல்ல வேலை செய்கின்றன. கணினி யுகத்திற் கடுதாசி உறையா என்று இளைஞர்கள் நகைக்கக்கூடும். அவ்வுறையை ஆண்டுப் பொதுக் கூட்டத்தன்று வெளியே எடுத்து, முத்திரை உடையாதிருப்பதைப் பார்த்து, உள்ளிருக்கும் சொல் இன்னும் கதவைத் திறக்கின்றதா என்று ஒருமுறை திறந்தும் பார்த்து, புதிய சொல்லை எழுதிப் புதிய உறையில் இடுவதற்குக் கால்மணி நேரம் செல்லும். கணக்கறிக்கை வாசிப்பதற்கு முன்னரே அதை முடித்துக்கொள்ளலாம்.