மாகாணம் குருநாகலில், மணல் கண்டக்குழியில்

வடமேல் மாகாணத்தின் நிலத்தையும் நிர்வாகத்தையும் சேர்த்துப் பேசக் கூடியிருக்கிறோம். கண்டக்குழியை விடப் பொருத்தமான இடம் இதற்குக் கிடைக்காது. அந்த இரண்டையும் ஒருவராகவே செய்துகாட்டிய மனிதர் இந்தக் கற்பிட்டிக் குடாநாட்டில்தான் பிறந்தார்.

சைமன் காசிச்செட்டி பிறந்தது 1807இல், கற்பிட்டியில். புத்தளத்து மணியகாரர், சட்டசபை உறுப்பினர், சிலாபத்து நீதிபதி என்று அரச பதவிகளில் இருந்தவர். 1834இல் அவர் வெளியிட்ட இலங்கைக் கசெற்றியர் தீவின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகர வரிசையில் அடுக்கியது. தமிழுலகம் அவரைத் தமிழ்ப் புலவர் வரலாற்று நூலான தமிழ்ப் புளூட்டார்க்கின் ஆசிரியராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. இது அநியாயம்.

அவருடைய நூல் வந்து பதினோரு ஆண்டு கழித்து, 1845இல், மேல் மாகாணத்தின் வடபகுதியைப் பிரித்து வடமேல் மாகாணம் ஆக்கினார்கள். கடலோரப் புத்தளமும் உள்நாட்டுக் குருநாகலும் ஒரே கோட்டுக்குள் வந்தன. இன்று மாகாணத் தலைநகர் குருநாகல். அங்கே கேள்வி நெல்லும் தென்னையும். இங்கே கேள்வி காற்று. சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும். வாடைக்காலம் வந்ததும் தெற்கிலிருந்து மீனவர் வந்து வாடி போடுவர். டொல்பின் பார்க்க வருவோரின் பருவமும் அதுவே. ஆண்டுக்கொருமுறை எண்ணும் கணக்கேடு, பாதி ஆண்டு மட்டும் இருக்கும் ஊரை எப்படிப் பதியும்?

கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடப்பது வெறும் மணல். பெய்யும் மழை நேரே கீழிறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. வெங்காயப் பாத்தியின் ஓரத்துக் கிணற்றில் அதிக ஆழம் போகாமலே தண்ணீர் தெரியும். மோட்டார் போட்டு இறைத்துப் பாத்திக்கு விட்டால், போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு அதே நீர் மணல் வழியே கிணற்றுக்குத் திரும்புகிறது. நைத்திரேற்று கூடுகிறது, அளவு மீறி இறைத்தால் உப்பும் ஏறுகிறது. இந்தப் படலம் யாருடைய பொறுப்பு? விவசாயத் திணைக்களம் பயிரைப் பார்க்கும், நீர் வழங்கல் சபை குழாயைப் பார்க்கும், பிரதேச செயலகம் காணியைப் பார்க்கும்.

கடலிலும் இதே கதைதான். 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடர் வனஜீவராசிகள் திணைக்களத்திடம். அதன் மேல் ஓடும் படகு கடற்றொழில் திணைக்களத்திடம். கரை இன்னொரு திணைக்களத்திடம். நுரைச்சோலையில் 2011 முதல் மின்சாரம் தரும் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தைக் கொழும்பு நடத்துகிறது; சாம்பலைப் பற்றி முறையிடுவதோ பக்கத்து ஊர்.

எல்லைக் கோடு மனிதரையும் விட்டுவைக்கவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தங்கினர். பிள்ளை படிப்பது இந்த மாகாணத்தில், வாக்கு இருப்பது மன்னாரில் என்ற நிலை பல தேர்தல்களுக்கு நீடித்தது. அதற்கென்றே இங்கே தனி வாக்குச்சாவடிகள் அமைந்தன. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வரும் ஒதுக்கீட்டை எந்தத் தலைக்கணக்கில் கேட்பது என்று அதிகாரிகள் திணறினர்.

இதையெல்லாம் விவாதிக்கவென்று 1988இல் முதன்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண சபை ஒன்று உண்டு. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஆளுநர் நிர்வாகம்தான். மக்கள் பிரதிநிதி இல்லாத இடைவெளியில் கண்டக்குழிக் கிணற்றுக்காக வாதாட ஆளில்லை.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அரங்கின் கட்டுரைகள் நூலாகி அலுமாரியில் அமர்வது போதாது. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு ஒரு புதிய கசெற்றியரைத் தமிழிலும் சிங்களத்திலும் தொடங்குங்கள். கிணறு, வாடி, களப்பு முகம், இறங்குதுறை ஒவ்வொன்றையும் பதிந்து, அதற்குப் பொறுப்பான அலுவலகத்தின் பெயரையும் எதிரே எழுதுங்கள். பொறுப்பாளர் இல்லாத இடத்தை வெறுமையாகவே விட்டு, முதற் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கையளியுங்கள்.