பல்லைப் பற்றி நிற்கும் பூச்சு

வழுவழுப்பான சுவரிற் சாந்து பூசுமுன் கொத்தனார் அதனைக் கொத்திவிடுவதை நம் தோட்டத்து லயங்களிற் கண்டிருப்பீர்கள். கொத்தாத சுவரிற் பூச்சு நில்லாது. சொத்தைப் பல்லை அடைக்கும் வெண்ணிறப் பிசின் கலவைக்கும் இதுவே விதி.

1955ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியர் மைக்கேல் புவோனோகோர், 85 சதவீதப் பொசுபோரிக்கமிலத்தைப் பல்லின் மேலுறையாகிய மிளிரியில் அரை நிமிடம் இட்டுக் கழுவினார்; பிசின் உறுதியாகப் பற்றியது. இன்று ஏறத்தாழ 37 சதவீத அமிலமே வழக்கம். அமிலம் நுண்துளைகளை உண்டாக்கும். பின்னர்த் தடவும் திரவப் பிசின் அவற்றிற் புகுந்து இறுகும். அத்துளைகளை எச்சில் நனைத்துவிட்டாலோ, பிடிப்புத் தளர்ந்துவிடும்.

என் மாணவனொருவன், அமிலம் புளிக்கிறதென்று இடையில் வாயை மூடிக்கொண்டான். அடைப்புச் சில வாரங்களிற் கழன்றது. இறுதியிற் பல்லையே பிடுங்க நேர்ந்தது. பன்னிரண்டு வயதில் இழந்த அப்பல் மீண்டும் முளைக்கப்போவதில்லை.

பெற்றோரே, அன்றைய வேலை அரைப் பேராகிவிடுமே என்று வைத்தியரை அவசரப்படுத்தாதீர்கள். வாயைத் திறந்திருக்கப் பிள்ளைக்கு முன்னரே சொல்லிப் பழக்குங்கள். அச்சில நிமிடப் பொறுமை ஒரு பல்லைப் பல்லாண்டு காக்கும்.