பச்சையெல்லாம் காடாகுமா?

நடுவர் அவர்களே! இலஞ்சிக் குமாரன் சந்நிதியிலே சாரலையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

"மலையை மனிதன் வளமாக்கினானா, வறளாக்கினானா?" எதிரணித் தம்பி கேட்டார்: "உதகையிலே தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட்டு, எங்கே பார்த்தாலும் பச்சை. இது வளமில்லையா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாணவர்களை உதகைக்குக் கூட்டிட்டுப் போய், தேயிலைத் தோட்டத்தைக் காட்டி, "இதுதாண்டா குறிஞ்சி!" என்று பாடம் நடத்தின பேராசிரியர் வேறு யாருமில்லை, நான்தான். (சிரிப்பு)

நீலகிரியின் குறிஞ்சி அதுவல்ல அய்யா. மலை மடிப்பிலே சோலைக்காடு, மேட்டிலே புல்வெளி. சோலையிலே மழை நேரா மண்ணில் விழாது. இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, மட்கின சருகுக்குள் இறங்கும். அந்த மண் பஞ்சு மாதிரி குடிச்சு வச்சிருந்து, கோடையிலே கொஞ்சங் கொஞ்சமா ஓடைக்கு விடும். வெள்ளைக்காரன் புல்வெளியைத் தரிசு என்று நினைத்தான். 1843-இல் தைல மரம் வந்தது. சீகை வந்தது. தேயிலை வந்தது.

சரிவிலே மேலிருந்து கீழா பாத்தி போட்டுக் கிழங்கு நட்டா, பாத்தியே மழைத் தண்ணிக்கு வாய்க்கால்! ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு வருஷம் வேணும். போறதுக்குச் சில பெருமழை போதும். குறுக்கே படி வெட்டினால் பெருமளவு தடுக்கலாம். ஆனா படி வெட்டக் காசு வேணுமே! சின்ன விவசாயியைத் திட்டி என்ன புண்ணியம்?

2009 நவம்பர். நீலகிரியிலே மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். பெருமழைதான், மறுக்கலை. வேர் போன சரிவை, ரோட்டுக்கும் வீட்டுக்குமாக அடியிலே வெட்டினா, அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?

முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலை என்றார் இளங்கோ. அவர் சொன்னது கோடை வெயிலை. நாம மழைக்காலத்திலேயே பாலையை உண்டாக்கிட்டோம்! (கைதட்டல்)

கடைசியா எதிரணித் தங்கை கேட்டாங்க: "மலை மண் கரைஞ்சா, சிற்றாறு வழியா நம்ம வயலுக்குத்தானே வண்டலா வருது? லாபந்தானே?" தங்கச்சி, வண்டல் வட்டிம்மா. முதல் மலைமேலே இருக்கு. குத்தாலத்திலே அருவி செக்கச் செவேல்னு விழுந்தா, "அடடா, இன்னிக்குக் குளிக்க முடியாதே"ன்னு வருத்தப்படுறோம். விழுறது முதலும்மா!

நடுவர் மணி அடிச்சிட்டார். உட்கார்ந்துக்கறேன். (பலத்த கைதட்டல்)